சீரிஸ் பல்பு

நூறு வாட் குண்டு பல்பு
பளீரென்று எரிந்தால் எங்கோ ஷார்ட்.
மங்கி, சிவந்து, அணையப்போவதுபோல் நின்றால்
நல்ல சேதி.
அயனாவரம் மூன்றாம் மாடியில்
ஒன்பது ராத்திரியாக
என் அறையில் மட்டும்
வெளிச்சம் ஒரு கெட்ட சகுனம்.

ஃபேனை நிறுத்தினால்தான் ஈயம் சீராக உருகும்.
மே மாதம்.
மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு
சால்டரிங் அயர்ன் மேல் விழுந்து
உஸ் என்றது.
இந்த ஆம்ப்ளிஃபயரை ஆரம்பித்ததிலிருந்து
நான் கேட்ட ஒரே சங்கீதம்.

ஸ்பீக்கர் இரண்டும் சூளையில் எடைக்கு வாங்கியவை.
டிரான்சிஸ்டர் ரிச்சி தெருவில்,
பார்சல் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே
ஒருக்களித்து நின்று கேட்டேன்:
முப்பது ஐம்பத்தஞ்சு, நாலு.
"யாருக்கும்மா, அண்ணனுக்கா?"
"எனக்கு."
கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார்.
"ஒரிஜினல் வேணுமா, வேலை செய்யறது வேணுமா?"
நாலு மைக்கா தகடுகளைத் தனியே
தாளில் மடித்துத் தந்தார்,
விபூதி தருவதுபோல.

பகலில் எனக்கு ஹார்பரில் கணக்கு வேலை.
ஆறு ரூபாய் உதைத்தால்
ஆறு ரூபாயைத் தேடக்கூடாது;
பக்கம் மாறி ஏறிய
மூன்று ரூபாயைத் தேட வேண்டும்.
அங்கே அது தெரியும்.
இங்கே எதை எதால் வகுப்பது?
டையோடைச் சந்தேகப்பட்டேன். அது யோக்கியம்.
கெப்பாசிட்டரை மாற்றினேன், மாற்றியதைத் திரும்ப மாற்றினேன்.
நான்காம் ராத்திரி
படம் வரைந்தவனையே சந்தேகப்பட்டேன்.
ஆறாம் ராத்திரி மீட்டரை.
ஏழாம் ராத்திரி ஒன்றும் செய்யாமல்
எதிரே உட்கார்ந்து
தயிர்சாதம் சாப்பிட்டேன்.

இன்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
முதல் டிரான்சிஸ்டர்: பல்பு எரிகிறது.
இரண்டாவது: எரிகிறது.
மூன்றாவதன் திருகை எடுத்துத் தூக்கியதும்
அறை இருண்டது.
இருட்டில் சிரித்தேன், சத்தமாக.

மைக்காவைத் திருப்பி டார்ச் அடித்தேன்.
ஊசி குத்திய அளவு ஓட்டை.
அதன் கீழே, ஹீட்சிங்க் துளையின் உதட்டில்
நகவெட்டு போல
ஒரு அலுமினியப் பிசிறு.
அரம் போட மறந்த துளை.
மறக்கவில்லை. ஞாபகம் வருகிறது.
டிரில் கையில் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான்
சிலிண்டர்காரர் பெல் அடித்தார்.
சில்லறை இல்லை என்று அவரும்
இல்லை என்று நானும்
வாசலில் பத்து நிமிஷம்.
திரும்பி வந்து
அடுத்த துளைக்குப் போய்விட்டேன்.

அரம் போட்டேன். கட்டை விரலால் தடவித் தடவி
ஒன்றும் தட்டாதவரை போட்டேன்.
புது மைக்கா. வெள்ளைப் பசை. திருகு.
ஸ்விட்ச்.
பல்பு பளிச்சென்றது.
வயிற்றுக்குள் என்னவோ புரண்டது.
பிறகு கெப்பாசிட்டர்கள் குடித்து முடித்ததும்
மெல்ல மங்கி
மூக்குத்தி அளவு சிவப்பாய் நின்றது.

பாட்டு போடவில்லை.
போட நினைத்து வைத்திருந்தது எதுவும்
அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.
இன்புட் கம்பியின் நுனியில்
விரலை வைத்தேன்.
ங்ங்ங்ங் என்றது இடது ஸ்பீக்கர்.
சுவருக்குள் ஓடும் ஒயர்கள்,
தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்,
லோகோ ஒர்க்ஸ் மேலே போகும் கம்பிகள்,
எல்லாம் கூடி
என்னை ஆன்டெனாவாக்கிப் பேசின.
விரலை எடுத்தேன்: அமைதி.
வைத்தேன்.

கீழ் வீட்டு பெர்னதெத் அக்கா
ஜன்னலைத் திறந்து கத்தினார்:
"யாருப்பா அது, ராத்திரி ஒரு மணிக்கு
மோட்டார் போட்டது?
ஆஃப் பண்ணுங்க, டாங்க் வழியப்போவுது!"

வலது ஸ்பீக்கர் இன்னும் ஊமை.
அதற்கு வேறு காரணம் இருக்கும்,
வேறு பெல் அடித்த நாள் இருக்கும்.
நாளைக்குப் பார்க்கலாம்.

"இதோ அக்கா" என்றேன்,
விரலை எடுக்காமல்.